காலைச் சுண்டு: தான் துவே என்ற சீன உதைத் தொடரை வீடியோ பார்த்துப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை. மலேசியாவின் ஈப்போவில் நாங்கள் பழகும் மண்டபத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உதைத்துக்கொண்டிருந்தான். திரையில் வெள்ளைப் பட்டுச் சட்டை போட்ட ஒருவர் மின்னல் மாதிரி போகிறார், இவன் அவரைத் துரத்துகிறான். எட்டாவது உதையிலோ ஒன்பதாவதிலோ அவன் முழங்காலில் 'டக்' என்று ஒரு சத்தம். பத்தடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை.

"தம்பி, கொஞ்சம் நிறுத்து."

"ஏன் அங்கிள்? வீடியோவுல இப்படித்தானே இருக்கு?"

இதே பதிலை 1998இல் நானும் சொல்லியிருக்கிறேன். அப்போது கைப்பேசிக்குப் பதில் வீசீடி (வீடியோ வட்டு), பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கியது. அதனால்தான் இதை எழுதுகிறேன். உடம்பைச் சூடாக்காமல் ஆரம்பிப்பது, வழுக்கும் தரையில் காலுறையோடு உதைப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும், தெரிந்தே செய்கிறார்கள்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. "தெற்கே கை, வடக்கே கால்" என்று சீனர்கள் சொல்வார்கள், தென்சீனத் தற்காப்புக் கலையில் கைக்கு முதலிடம், வடசீனத்தில் காலுக்கு. அந்த வடக்குக் கால்களுக்கு அரிச்சுவடி தான் துவே. தொடரை 'லூ' என்று பிரித்திருக்கிறார்கள், நாம் வழி என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வழியிலும் நாலைந்து அசைவுதான். அதையே வலம், இடம், வலம், இடம் என்று நேர்கோட்டில் செய்துகொண்டே போய், கோட்டின் முடிவில் திரும்பி வர வேண்டும். பார்க்க எளிதாக இருக்கும். வீடியோ பார்த்தே கற்றுக்கொள்ளலாம் என்ற ஆசை அங்கேதான் பிறக்கிறது.

பாடமா, ஆட்டமா?

இணையத்தில் கிடைக்கும் தான் துவே வீடியோக்களில் பெரும்பாலானவை பாடம் இல்லை, ஒருவர் தன் திறமையைக் காட்டும் ஆட்டம். இசை இருந்தால், பட்டுச் சட்டை இருந்தால், பத்து வழியும் மூன்று நிமிடத்தில் முடிந்தால் அது ஆட்டம். ரசியுங்கள், கூடவே ஆடாதீர்கள். பாடம் என்றால் ஒரே அசைவைப் பக்கவாட்டில் ஒரு தடவை, முன்னாலிருந்து ஒரு தடவை, மெதுவாக ஒரு தடவை காட்டுவார்கள். பேசுகிறவர் அசட்டையாக, பழைய டீ-சட்டை போட்டுக்கொண்டு நிற்பார். என் அனுபவத்தில் டீ-சட்டைக்காரரை நம்பலாம்.

பத்தா, பன்னிரண்டா?

தான் துவே இரண்டு வகை. ஒன்று பத்து வழி, இன்னொன்று பன்னிரண்டு வழி. இரண்டும் வேறு வேறு மரபு. பத்து வழியைப் போற்றிப் பாதுகாத்தவர்கள் சீனாவின் ஹுய் முஸ்லிம்கள். "நான்ஜிங் முதல் பெய்ஜிங் வரை, தான் துவே பிறந்தது ஜியாவ்மென்னில்" என்று ஒரு பழமொழி உண்டு. அதில் ஜியாவ்மென் என்பது அவர்களுடைய சமயத்தைக் குறிக்கிறது. ஹெபெய் மாநிலத்தின் சாங்ஜோவில் பிறந்த தற்காப்புக் கலைஞர் வாங் சுபிங் (1881-1973) இந்த ஹுய் மரபில் வந்தவர். பன்னிரண்டு வழியை ஷான்டோங்கின் லோங்தான் கோயிலோடு சேர்த்துச் சொல்வார்கள். அந்தத் 'தான்' குளத்தைக் குறிக்கும் எழுத்து. உதையின் பெயரில் வரும் 'தான்' வேறு எழுத்து. உச்சரிப்பு ஒன்றுதான். ஈப்போவில் கான்டனீஸ் பேசுகிறவர்கள் முதலாவதைத் தாம் என்றும் இரண்டாவதைத் தான் என்றும் சொல்வதால் அங்கே குழப்பம் கொஞ்சம் குறைவு. தேடும்போது இரண்டு எழுத்திலும் வீடியோ வரும்.

1910இல் ஷாங்காயில் தொடங்கிய ஜிங்வூ என்ற தற்காப்புக் கலைச் சங்கம் பன்னிரண்டு வழியைத் தன் பத்து அடிப்படைத் தொடர்களில் முதலாவதாக வைத்தது. 1920இல் அங்கிருந்து ஐந்து பேர் தென்கிழக்காசியாவுக்கு வந்தார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தாவுக்குத் தெரிந்த தான் துவே பெரும்பாலும் பன்னிரண்டாக இருப்பது அதனால்தான்.

சரி, இதில் தவறு எங்கே வருகிறது? மூன்றாம் வழியை ஒரு வீடியோவிலிருந்தும் நான்காம் வழியை இன்னொன்றிலிருந்தும் எடுத்துத் தைக்கிறார்கள். ஒரே எண்தான், உள்ளே வேறு சரக்கு. நான் பார்த்த ஒருவரிடம் மொத்தம் பதினான்கு வழி இருந்தது. எந்த ஆசிரியரிடம் காட்டினாலும் அவர் முகம் சுளித்தது. ஒரு மரபு, ஒரு ஆசிரியர், ஒரு வீடியோ வரிசை. பிடிக்கவில்லை என்றால் முழுதாக மாறுங்கள்.

முழங்காலைப் பூட்டுவது

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பாதி என் மேல், பாதி அந்த வீசீடி மேல்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, தொழிற்சாலையில் வேலை. இரவு ஷிஃப்ட் இல்லாத நாட்களில் அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் வலது காலால் நூறு, இடது காலால் நூறு. வீசீடியில் ஆசிரியர் காலை நீட்டும்போது அது ஈட்டி மாதிரி நேராக நிற்கும். நானும் அப்படியே நீட்டினேன். கால்சட்டைத் துணி 'பட்' என்று அடிக்கும், அந்தச் சத்தம் கேட்டு ஒரு பெருமை. ஆறாவது வாரம் படி இறங்கும்போது வலது முழங்கால் பிசகிற மாதிரி இருந்தது. எட்டாவது வாரம் வீங்கியது. அப்புறம் எட்டு மாதம் குத்துக்கால் போட்டு உட்கார முடியவில்லை. மருத்துவருக்கும் மாத்திரைக்கும் ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம் போனது. அம்மா அந்த வீசீடியை எங்கே போட்டார் என்று இன்றுவரை தெரியாது.

கால் தேறிய பிறகுதான் சிஃபூ, அதாவது குங்ஃபூ ஆசிரியர், ஒருவரிடம் போனேன். மண்டபத்துக்குக்கூட இல்லை, அவர் காலையில் உட்காரும் கோப்பிக்கடைக்கு. மலாயில் பாதி, கான்டனீஸில் பாதி என்று என் கதையைச் சொன்னேன். அவர் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மேசையில் கிடந்த ஒரு தோலை நடுவிரலால் சுண்டினார். அது பறந்து அடுத்த மேசைக்குக் கீழே விழுந்தது.

"தோல் போச்சா?"

"போச்சு, சிஃபூ."

"விரல் போச்சா?"

அவ்வளவுதான் பாடம். தான் துவேயின் 'தான்' என்ற எழுத்துக்கு வில்போல் தெறிப்பது, நரம்பை மீட்டுவது, விரலால் சுண்டுவது எல்லாம் பொருள். கேரம் ஆடியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறோம், தள்ளினால் ஃபவுல். நான் எட்டு வாரம் காலைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

நடப்பது இதுதான். தொடை மேலே வந்து நிற்க வேண்டும். அது நின்ற பிறகு முழங்காலுக்குக் கீழே உள்ளது மட்டும் பறந்து போய்ப் புறங்கால் தெறிக்க வேண்டும், உடனே திரும்ப வேண்டும். காலை நீட்டுவது தொடையின் முன்தசை. கடைசி நேரத்தில் கடிவாளம் இழுப்பது பின்தசை. உதை ஒரு பொருளில் பட்டால் விசை அதில் இறங்கிவிடும். காற்றை உதைக்கும்போது இறங்க இடமில்லை. பின்தசை பிடிக்கவில்லை என்றால் மூட்டுதான் பிடிக்கும். அந்த 'டக்' அதுதான். ஒரு தடவை நடந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தான் துவே ஒரே உதையைத் திரும்பத் திரும்பச் செய்யும் தொடர் என்பதை மறந்துவிடக் கூடாது.

வீடியோ இதை ஏன் மறைக்கிறது? சாதாரண கைப்பேசி நொடிக்கு 30 படம் எடுக்கிறது. நல்ல கைதேர்ந்தவரின் கால் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் சுண்டிவிடும் என்றால் அதற்குக் கிடைப்பது மூன்றே படம், மூன்றும் கலங்கலாக. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது கால் ஒரு கணம் நிற்கிற நிலை மட்டும். வீடியோவின் முகப்புப் படமும் அதுதான். நாம் அசைவை விட்டுவிட்டு அந்த நிலையைக் கற்றுக்கொள்கிறோம். இது புதிய நோயும் அல்ல. 1910களிலேயே ஜிங்வூக்காரர்கள் தான் துவேயைப் புகைப்படங்களோடு அச்சிட்டார்கள். படத்துக்கு நின்று காட்டும் கால் நேராகத்தான் இருக்கும்.

செய்ய வேண்டியது என்னவென்றால், வீடியோவை நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட விடுங்கள். திரையில் அவர் முழங்காலுக்கு அந்தப் பக்கம் விரலை வைத்துப் பாதத்தை மறைத்துவிடுங்கள். இப்போது தொடையை மட்டும் பாருங்கள். எங்கே வந்து நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, பாதம் திரும்பிய பிறகு எப்போது இறங்குகிறது? பத்துத் தடவை இப்படிப் பார்த்தால் வேறு ஒரு உதை தெரியும்.

அப்புறம் காசுப் பயிற்சி. சிஃபூ எனக்குக் கொடுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு தொடையைத் தரைக்குச் சமமாகத் தூக்கி, அதன் மேல் ஒரு இருபது காசு நாணயத்தை வைக்க வேண்டும். காசு விழாமல் கீழ்க்காலை நீட்டி மடக்க வேண்டும், முதலில் மெதுவாக. முழுதாக நீளுவதற்கு ஒரு விரற்கடை முன்னாலேயே திரும்பிவிட வேண்டும். தொடை எகிறினால் காசு கீழே. காலுக்கு இருபது போதும், நூறு வேண்டாம். காசு நிற்க ஆரம்பித்த பிறகு ஒரு துண்டைத் தொங்கவிட்டு அதன் நுனியைச் சுண்டுங்கள். காற்றில் வேகமாக உதைப்பது அதற்கும் பிறகுதான். எனக்குக் காசு நிற்க ஐந்து வாரம் ஆனது. எட்டு மாதத்தோடு ஒப்பிட்டால் மலிவு.

முழங்காலில் ஏற்கெனவே வலியோ வீக்கமோ இருந்தால் காசும் வேண்டாம், துண்டும் வேண்டாம். முதலில் மருத்துவர்.

உயரம்

பழைய பத்து வழியில் உதை முழங்கால் மட்டம்தான். இடுப்புக்கு மேலே போனால் அழகு, அவ்வளவே.

கண்ணாடிக் குழப்பம்

ஆசிரியர் உங்களைப் பார்த்து நின்றால் அவர் வலது உங்கள் இடது. தான் துவேயில் இரண்டு பக்கமும் செய்வதால் இது பெரிய பாவம் இல்லை, கோட்டின் அடுத்த அடியில் கணக்கு சரியாகிவிடும். சிக்கல் இரண்டாம் வழியில். அதன் பெயரில் பத்தைக் குறிக்கும் சீன எழுத்து வருகிறது, பார்க்கக் கூட்டல் குறி மாதிரி இருக்கும். வலது கால் உதைக்கும்போது இடது கை குத்த வேண்டும், உடம்பு அந்தக் குறி மாதிரி குறுக்கே நிற்க வேண்டும். காலை மட்டும் கண்ணாடி மாதிரி மாற்றிக் கையை மாற்றாமல் விட்டால் கையும் காலும் ஒரே பக்கம் போய்விடும். முதல் வழியில் அப்படி ஒரே பக்கம் போவது சரி என்பதால் தப்பு தப்பாகவே தெரியாது. முதுகைக் காட்டி எடுத்த வீடியோ கிடைத்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்கிற கால்

எல்லோரும் பறக்கிற காலைப் பார்க்கிறார்கள், விழுவது நிற்கிற காலால். முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். குதிகால் தரையை விடக் கூடாது. முன்காலை மடக்கிப் பின்காலை நீட்டி நிற்கும் வில் நிலையில் பின்கால் குதிகாலை எடுக்கிறவர்களிடம் கேட்டால், வீடியோவில் தெரியவில்லை என்கிறார்கள். உண்மைதான், நிறைய வீடியோக்களில் பாதம் படச் சட்டத்துக்கு வெளியே போய்விடுகிறது. பாதம் தெரியாத தான் துவே வீடியோவைப் பார்ப்பதும் கைகள் தெரியாத மிருதங்க வீடியோவைப் பார்ப்பதும் ஒன்று.

அடுத்த வழிக்குத் தாவுவது

வாரம் ஒரு வழி என்று பட்டியல் போடாதீர்கள்.

உங்களை நீங்களே படம் எடுக்கும்போது

இது நல்ல பழக்கம், ஆனால் முன்னாலிருந்து எடுக்கிறார்கள். அப்படி எடுத்தால் முகம் தெரியும், முழங்கால் தெரியாது. பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், பாதம் உட்பட முழு உடம்பும் வரும்படி வையுங்கள். முதல் வழிக்கு இந்தக் கோணம் இன்னொன்றும் காட்டிக்கொடுக்கும். பத்து வழிக்கான பழைய பாட்டு அதன் கைகளைச் சுமை தூக்கும் காவடித்தண்டுக்கு ஒப்பிடுகிறது. முன்கையும் பின்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பின்கை தொங்கினால் பக்கவாட்டில்தான் தெரியும், பாரம் ஒரு பக்கம் சரிந்த காவடி மாதிரி.

மண்டபத்துப் பையன் கைப்பேசியை நான் சொன்ன இடத்துக்கு மாற்றி வைத்தான். அவன் உதையை அவனுக்கே மெதுவாக ஓட்டிக் காட்டினேன். முழங்கால் பின்பக்கமாக வளைந்து துள்ளுவதைப் பார்த்துவிட்டு "ஐயோ" என்றான், வேறு எதுவும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்தபோது பையில் இருபது காசு இருந்தது. அதற்கடுத்த வாரம், "ரெண்டாவது வழி எப்போ அங்கிள்?" என்று கேட்டான். காலுக்கு இருபது தடவை காசு விழாமல் வந்த பிறகு என்றேன். நேற்றுவரை இடது காலில் பதினொன்று, வலது காலில் ஆறு.