பிபி பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவிலியப் பயிற்சிக்கு வரும் மாணவிகளுக்கு இரத்த அழுத்தம் பார்க்கக் கற்றுக்கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. பணியில் சேர்ந்த புதிதில் நான் செய்த அதே தவறுகளை ஒவ்வோர் ஆண்டும் புதிய கைகள் செய்வதைப் பார்க்கும்போது, இவற்றை ஒருமுறை எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றியது. சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுவது, ஸ்டெதாஸ்கோப்பைத் திருப்பி மாட்டிக்கொள்வது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. அவை ஒரு வாரத்தில் தாமே சரியாகிவிடும். யாரும் கண்டுபிடிக்காமல் வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும் தவறுகளைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாடியைத் தொடாமல் காற்றடிப்பது

இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஏறத்தாழ 70 மி.லி. இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. அந்த வேகத்தில் தமனியின் சுவர் விரிந்துகொடுக்கிறது. கீழறை தளர்ந்து, பெருந்தமனி வால்வு மூடிக்கொண்ட பிறகு, விரிந்த சுவர் ஒடுங்கி இரத்தத்தை முன்னே தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் இரண்டு துடிப்புகளுக்கு இடையிலும் அழுத்தம் ஒரேயடியாக விழுந்துவிடாமல் நிற்கிறது. சுருக்கத்தின் உச்சம் மேல் எண். அடுத்த துடிப்புக்குச் சற்று முந்தைய தாழ்நிலை கீழ் எண். மேற்கையில் சுற்றிய பட்டையின் அழுத்தம் மேல் எண்ணைத் தாண்டினால் தமனி முழுவதும் நசுங்கி, ஓட்டம் நின்று, ஓசையும் இல்லாமல் போகும். காற்றை இறக்கும்போது ஒவ்வொரு துடிப்பின் உச்சத்திலும் கொஞ்சம் இரத்தம் பீறிட்டு நுழைய, தட்டொலி தொடங்குகிறது. பட்டையின் அழுத்தம் கீழ் எண்ணுக்கும் கீழே போனதும் தமனி எந்நேரமும் திறந்தே இருப்பதால் ஓசை அடங்கிவிடுகிறது.

இதை எல்லோரும் படித்துவிட்டுத்தான் வார்டுக்கு வருகிறார்கள். ஆனால் படித்ததிலிருந்து ஒரு தவறான முடிவையும் கூடவே கொண்டுவருகிறார்கள்: ஓசை இல்லையென்றால் ஓட்டமும் இல்லை என்பது. சிலருக்கு, குறிப்பாகத் தமனி விறைத்துப்போன முதியவர்களுக்கும் நெடுநாளாக உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், தட்டொலி தொடங்கிச் சற்று இறங்கியதும் முற்றிலும் மறைந்து, 30 அல்லது 40 மி.மீ. (பாதரச அளவில்) கீழே வந்த பிறகு மறுபடி கேட்கத் தொடங்கும். வகுப்பில் இதை ‘ஆஸ்கல்டேட்டரி கேப்’ என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். நான் ‘ஒலியிடைவெளி’ என்று சொல்லிக்கொடுக்கிறேன். அந்த இடைவெளியில் இரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, காதுக்குத்தான் எட்டுவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், தலைவலி என்று சேர்க்கப்பட்டிருந்த ஒரு பாட்டியம்மாவுக்கு மூன்று நாள் தொடர்ந்து நான்தான் காலை பிபி பார்த்தேன். வழக்கம்போல 170 வரை காற்றடித்தேன், ஓசை இல்லை. மேல் எண்ணைத் தாண்டிவிட்டோம் என்று எடுத்துக்கொண்டு இறக்கினேன். 148-இல் தட்டொலி தெளிவாகக் கேட்டது, 92-இல் அடங்கியது. 148/92 என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். மறுநாளும் அதற்குப் பக்கத்திலேயே வந்தது. மருந்தின் அளவைக் கூட்டத் தேவையில்லை என்று முடிவாயிற்று. என் எண்ணைப் பார்த்துத்தான் அந்த முடிவு எடுக்கப்பட்டது.

மூன்றாம் நாள் எங்கள் மூத்த சிஸ்டர் என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து, என் விரல்களைப் பாட்டியம்மாவின் மணிக்கட்டு நாடியில் பதிய வைத்துவிட்டுத் தாமே காற்றடித்தார். 150-ஐத் தாண்டியது, 170-ஐத் தாண்டியது. நாடி என் விரலுக்கு அடியில் துள்ளிக்கொண்டே இருந்தது. “விரலை எடுக்காதம்மா. நாடி இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு” என்றார். 190-இலும் இருந்தது. 206-இல் தான் காணாமல் போனது. அதற்குமேல் 30 மி.மீ. ஏற்றி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கச் சொன்னார். 208-இல் தட்டொலி தொடங்கியது, 184-இல் நின்றது, 148-இல் திரும்ப வந்தது. நான் மூன்று நாளும் அந்த இடைவெளிக்குள் போய் நின்று, அங்கிருந்த அமைதியை உச்சத்துக்கு மேலிருக்கும் அமைதி என்று எண்ணியிருக்கிறேன். 208 உள்ள ஒரு மனுஷியை 148 என்று எழுதி வைத்திருந்தேன். அன்றே மருந்து மாற்றப்பட்டது. அவருக்குப் பக்கவாதம் எதுவும் வராமல் போனது என் திறமையால் அல்ல.

இதே இடைவெளி மறுபுறமும் ஏமாற்றும். முதல் தட்டொலியைச் சரியாகப் பிடித்துவிட்டு, இடையில் ஓசை நின்றதும் அதுதான் கீழ் எண் என்று காற்றைத் திறந்துவிட்டால், 208/184 என்று எழுதி வார்டையே ஓடவைக்கலாம். ஆகவே ஓசை அடங்கிய பிறகும் கருவியின் ஊசி கீழே வரும் வரை காதை எடுக்கக் கூடாது.

முறை இவ்வளவுதான். முதலில் மணிக்கட்டு நாடியைத் தொட்டுக்கொண்டு காற்றடித்து, அது மறையும் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, காற்றை முழுவதும் இறக்கி, சற்றுப் பொறுத்து, அந்த எண்ணுக்கு மேல் 30 மி.மீ. ஏற்றிய பிறகே ஸ்டெதாஸ்கோப்பால் கேட்க வேண்டும். இதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம். அந்த நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்களை இன்றும் தினமும் பார்க்கிறேன். எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. விரல் வைப்பது பழங்கால முறை என்று ஒரு மாணவி சொன்னாள். அவள் சொன்னது வரலாற்றின்படி சரிதான்: 1896-இல் இத்தாலியில் ரீவா ரோச்சி பட்டையோடு கூடிய கருவியைக் கொண்டுவந்தபோது நாடி மறைவதை விரலால் தொட்டுத்தான் மேல் எண்ணைக் கண்டார். ரஷ்ய அறுவை மருத்துவர் கொரோட்காஃப் 1905-இல்தான் பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கும் முறையைச் சொன்னார். காது வந்ததால் விரலுக்கு வேலை போய்விடவில்லை. காது ஏமாறும் இடத்தில் விரல் ஏமாறுவதில்லை என்பதற்கு என் பாட்டியம்மாவே சான்று.

பட்டையின் அளவு

பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பையின் நீளம் மேற்கையின் சுற்றளவில் 80 விழுக்காடும், அகலம் 40 விழுக்காடும் இருக்க வேண்டும். வார்டில் ஒரே பட்டைதான் தொங்கும், அதையே எல்லோருக்கும் சுற்றுவோம். பருத்த கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அதன் அழுத்தம் ஆழத்தில் உள்ள தமனிக்கு முழுதாகப் போய்ச் சேராது. தமனியை நசுக்க இன்னும் அதிகக் காற்று தேவைப்படும். எண் கூடுதலாக வரும். ரீவா ரோச்சியின் முதல் பட்டைக்கே இந்தக் குறை இருந்தது: அகலம் ஏறக்குறைய 5 செ.மீ. தான். சில ஆண்டுகளில் அதை அகலப்படுத்தினார்கள். பெரிய பட்டையை அலமாரியிலிருந்து எடுத்து வரச் சோம்பல்பட்டு, பருமனான ஓர் இளைஞரை உயர் இரத்த அழுத்தக்காரர் ஆக்கி அனுப்பிவிட வேண்டாம்.

தொங்கும் கை

கட்டிலின் ஓரத்தில் கை தொங்கிக்கொண்டிருக்க, அப்படியே பட்டையைச் சுற்றிவிடுகிறார்கள். பட்டை இதயத்தின் மட்டத்தில், அதாவது நெஞ்செலும்பின் நடுப்பகுதிக்கு நேராக இருக்க வேண்டும். கீழே இருந்தால் இடைப்பட்ட இரத்தத்தின் எடையும் சேர்ந்துகொள்ளும், 10 செ.மீ. தாழ்ந்தாலே 7, 8 மி.மீ. கூடிவிடும். உயர்த்தினால் அதே அளவு குறையும். கையை நோயாளியே தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதும் தவறு, தசை இறுகி எண் ஏறும். ஒரு தலையணை போதும்.

பேச்சுக் கொடுப்பது

கூடாது.

ஃபிஸ்டுலா உள்ள கை

டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அதற்காகவே தமனியையும் சிரையையும் இணைத்து வைத்திருக்கும் கையில் ஒருபோதும் பட்டையைச் சுற்றாதீர்கள்.

காற்றை மடமடவென்று இறக்குவது

நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. என்ற வேகத்தில் இறக்க வேண்டும். காரணம் எளிது: நாடி நிமிடத்துக்கு 60 என்றால் நொடிக்கு ஒரு துடிப்புதான். நொடிக்கு 10 மி.மீ. இறக்கினால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் 10 மி.மீ. கேட்காமலே போய்விடும், மேல் எண் குறையும், கீழ் எண் கூடும். துடிப்பு ஒழுங்கில்லாதவர்களுக்கு ஒரே முறை பார்த்து எழுதவும் கூடாது. ஒவ்வொரு சுருக்கத்திலும் கீழறை தள்ளும் அளவு மாறுவதால், இரண்டு மூன்று முறை பார்த்துச் சராசரி எடுப்பதே நியாயம்.

ஐந்தில் முடியும் எண்

கையால் பார்க்கும் கருவியில் ஒவ்வொரு சிறு கோடும் 2 மி.மீ. அதனால் 124 என்று வரலாம், 126 என்று வரலாம். 125 என்று ஒரு கோடு அதில் இல்லை. கேஸ் ஷீட்டில் 125/85 என்று எழுதியிருந்தால் அது கண்ணால் பார்த்த எண் அல்ல என்று எனக்குத் தெரியும். எழுதியவரைக் கூப்பிட்டு, கருவியைக் கையில் கொடுத்து, நாடியிலிருந்து தொடங்கி மறுபடி பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.