மலைப் பள்ளி வகுப்பறைக்குத் திரைச்சீலை தைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரி மாவட்டத்துக் கோத்தகிரிப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியின் ஒன்றாம் வகுப்புக்கு நான் முதன்முதலில் தைத்துக் கொடுத்த திரைச்சீலைகள், ஒரே மழைக்காலத்தில் கீழ் ஓரமெங்கும் கரும்புள்ளி விழுந்து வீணாகிவிட்டன. துணியிலும் தையலிலும் குறையில்லை. சன்னல் கண்ணாடியை உரசிக்கொண்டு தொங்கும்படி கம்பியை மாட்டியதுதான் தவறு. வெளியே மூடுபனி சூழ்ந்திருக்க, சன்னலைச் சாத்திவிட்டுப் பிள்ளைகள் நாள் முழுவதும் அமர்ந்திருக்கும் அறையில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். அந்த நீரை உறிஞ்சிய துணி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் கிழக்குச் சரிவில் உலர வழியின்றிப் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே, கம்பியைச் சுவரிலிருந்து 3 அங்குலமாவது தள்ளி மாட்ட வேண்டும்; மாலையில் பள்ளி விட்டதும் திரையை ஓரமாக ஒதுக்கிவிட வேண்டும்.

குளிர் ஊர் என்பதால் கனத்த, அடர்நிறத் துணியை எடுப்பது அடுத்த தவறு. மூட்டமான நாளில் பகல் 2 மணிக்கே வகுப்பறை இருண்டுவிடும்போது, கருநீலத் திரை இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். வெளிர்நிறப் பருத்தித் துணியை உடல் பகுதிக்கு வைத்துக்கொண்டு, பிள்ளைகள் விரும்பும் மஞ்சளையும் பச்சையையும் கரைப் பட்டையாகவும் ஒட்டுத்துணிப் பூக்களாகவும் தைப்பதே என் விருப்பம்.

அளவில் நேரும் தவறுகளே பணத்தை அதிகம் வீணாக்குகின்றன. கடையிலிருந்து வந்த பருத்தித் துணியை நனைக்காமல் வெட்டக் கூடாது. முதல் சலவையில் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு வரை சுருங்கக்கூடிய துணியில், 60 அங்குலத் திரை 3 அங்குலம் ஏறிக்கொண்டால் சன்னலின் அடிப்பகுதி வெறுமையாகத் தெரியும். அகலத்தைச் சன்னல் அளவுக்கே எடுத்தால் மடிப்பு விழாமல் விரித்த போர்வைபோல் நிற்கும். ஒன்றரை மடங்காவது வேண்டும். 48 அங்குலச் சன்னலுக்கு 44 அங்குலப் பன்னாவில் (துணியின் அகலத்தில்) இரண்டு துண்டு எடுத்தால் 88 அங்குலம் கிடைக்கும். இரண்டு துண்டிலும் சேர்த்து இடம் வலமாக உள்ள நான்கு ஓரங்களிலும் ஓர் அங்குலத்தை இரட்டையாக மடித்துத் தைக்க 8 அங்குலம் போனாலும், மீதி 80 அங்குலம் தாராளமாகப் போதும். கத்தரியைக் கண்மதிப்பில் ஓட்டாமல், குறுக்கு இழை ஒன்றை உருவி, அது விட்டுச்சென்ற கோட்டின் வழியே வெட்டினால் திரை கோணாமல் தொங்கும்.

சிவப்புக் கரை வைப்பவர்கள் சாயத்தைச் சோதிக்காமல் விடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஈரமாக்கிய வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து நிறம் ஒட்டுகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்தான் ஆகும். அதைச் செய்யாவிட்டால் முதல் சலவையிலேயே திரை முழுவதும் இளஞ்சிவப்பாகிவிடும்.

அலங்காரத் தோரணங்களை இரும்புக் குண்டூசியால் குத்தி வைத்தால், இந்த ஈரத்தில் சில வாரங்களில் துருக்கறை படியும்; அந்தக் கறை சாதாரணச் சலவையில் போகாது. மைதாப் பசையால் ஒட்டிய காகிதப் பூக்களில் பூஞ்சையும் பூச்சியும் சேரும் என்பதால், நூலால் கோத்துக் கட்டுவதே நல்லது. பிளாஸ்டிக் கட்டுப்பாடு நெடுநாளாக நடைமுறையில் உள்ள மாவட்டத்தில் பளபளக்கும் பிளாஸ்டிக் தோரணம் வகுப்பறைக்குள் வரவே வேண்டாம். சிறு பிள்ளைகள் இருக்கும் அறையில், எட்டும் உயரத்தில் பொத்தான்களையோ மணிகளையோ தைப்பதும், நீண்ட கயிற்றைத் தொங்கவிடுவதும் ஆபத்து. திரையை ஒதுக்கிக் கட்டக் குட்டையான துணிப்பட்டை போதும்.

நீலகிரியின் தோடர் பழங்குடியினர் போடும் எம்பிராய்டரியின் அச்சுப் படம் போட்ட துணியை வாங்கி மாட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, கோலம் ஏதும் வரையாமல் இழைகளை எண்ணியே போடும் அந்தத் தையலுக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் முரட்டுத் துணியும் மழுங்கிய ஊசியும் கொடுத்து, இழை எண்ணித் தைக்கப் பழக்கினால், கோணலாக வந்தாலும் அவர்கள் கைப்பட்ட பட்டையையே திரையின் கரையாக வைக்கலாம்.

திரைகளைத் துவைப்பதற்கும் காலம் பார்க்க வேண்டும். நவம்பரில் துவைத்தால் நாட்கணக்கில் ஈரவாடை போகாது; சனவரி முதல் மார்ச் வரை வெயில் கிடைக்கும் நாளில் காலையிலேயே துவைத்து, பனி இறங்குமுன் எடுத்து மடித்துவிடுங்கள்.