அதிர்ச்சி அலை உள்ள ஓட்டம்: உணர்திறன் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் அளவுருவைக் கொஞ்சம் மாற்றினால் விடை எவ்வளவு மாறும் என்பதுதான் உணர்திறன். ஓட்டம் சீராக இருக்கும்வரை சிக்கல் இல்லை. அதிர்ச்சி அலை, அதாவது வேகம் போன்ற மதிப்புகள் சட்டென்று தாவும் இடம், இருந்தால், மதிப்புகளோடு அலை நிற்கும் இடமும் மாறும். அந்த நகர்வைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது முதல் தவறு.

அதிர்ச்சி அலை தோன்றும் எளிய ஓட்ட மாதிரியான பர்கர்ஸ் சமன்பாட்டில் பார்ப்போம். அளவுரு அ. தொடக்கத்தில் 0-க்கு இடப்பக்கம் வேகம் 1+அ, வலப்பக்கம் 0. அலை (1+அ)/2 வேகத்தில் போகும். நேரம் 1-இல், 0 முதல் 1 வரை வேகத்தின் தொகையீடு (1+அ)²/2. அ=0 என்றால் அதன் வகைக்கெழு 1. சீரான பகுதி தருவது பாதிதான். மீதிப் பாதி அலையின் நகர்விலிருந்து வருகிறது.

சரி, நிரலில் 1 வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்து மிக ஏமாற்றும் சோதனை இதுதான். காப்பு விதியை (வந்ததில் போனது போக மீதி உள்ளேயே இருக்க வேண்டும்) மதிக்கும் எந்த முறையும் இந்தத் தொகையீட்டில் தேறிவிடும். வேகத்தின் மும்மடியைத் தொகையிட்டுப் பாருங்கள்: சரியான விடை 2, அதில் அலையின் பங்கு 1/2. நிரலோ, அலை பரவிக் கிடக்கும் இரண்டு மூன்று கட்டங்களின் (கணக்கிட வெளியைப் பிரித்த சிறு துண்டுகளின்) இடைமதிப்புகளை நம்பி வேறு எண் தரும். அலை கட்டத்தின் நடுவிலா ஓரத்திலா என்பதைப் பொறுத்து அந்த எண்ணும் ஆடும். கட்டத்தைச் சிறிதாக்கினாலும் ஆட்டம் நிற்காது. காரணம், கணித்த தொகையீட்டில் நுண்ணிய நெளிவு இருக்கிறது. அதன் உயரமும் நீளமும் கட்ட அளவோடு சேர்ந்தே சுருங்குவதால் சரிவு அப்படியே தங்கிவிடுகிறது. தானியங்கி வகையிடல் (நிரலையே வரிக்கு வரி வகையிடுவது) அந்தச் சரிவைத்தான் துல்லியமாகத் தரும்.

அளவுருவை ஒரு சிறு படி மாற்றி, விடைகளின் வித்தியாசத்தை அந்த மாற்றத்தால் வகுக்கும் வித்தியாச முறையிலும் இதே கதை. கட்டம் 0.001 இருக்க, படி 0.000001 வைத்தால் அலை ஒரு கட்டம்கூடத் தாண்டாது; கிடைப்பது நெளிவின் சரிவுதான். இருபுறமும் 0.02 வையுங்கள்; அலை 20 கட்டம் நகரும், நெளிவு பெரும்பாலும் அடங்கிவிடும்.

நேரியலாக்கம்தான் (நிரலின் சமன்பாடுகளையே வகையிடுவதுதான்) வேண்டும் என்றால், கட்டம் சிறிதாகச் சிறிதாக அலைக்குள் விழும் கட்டங்களின் எண்ணிக்கை கூடும்படி செயற்கைப் பாகுமையை (அலையை வேண்டுமென்றே பரப்பச் சேர்க்கும் உறுப்பை) அமைக்க வேண்டும். இப்படி மாற்றிய லாக்ஸ்-ஃப்ரெட்ரிக்ஸ் என்ற எண்முறை சரியான விடைக்கு ஒருங்கும் என்று கணிதவியலாளர்கள் ஜைல்ஸும் உல்பிரிக்கும் 2010-இல் நிறுவினார்கள். அது வேண்டாம் என்றால், அலையின் வேகத்தை இருபுற மதிப்புகளிலிருந்து தரும் ராங்கின்-யூகோனியோ நிபந்தனையை வகையிட்டு அலையின் நகர்வைத் தனியாகக் கணித்துச் சேருங்கள். அப்புறம், மின்மாட் போன்ற லிமிட்டர்களில் (அலையருகே பொய்யான ஏற்ற இறக்கம் வராமல் தடுக்கும் சார்புகளில்) வகையிட முடியாத முனைகள் உண்டு; அவற்றையும் ஒரு கண் பாருங்கள்.