"சேர், ஏதாவது எடுத்தா நேரம் குறையுமா?" மலையகப் பயிற்றுநர்களுக்கு

மாகாணப் போட்டி நெருங்கும்போது 1500 மீற்றர் ஓடும் பையன் இப்படிக் கேட்டால் ஏசாதீர்கள். ஏசினால் அடுத்த முறை ஜிம்மில் யாரிடமாவது கேட்பான். "ஏன் இப்ப கேக்குற?" என்று மட்டும் கேளுங்கள். நேரம் குறையாமல் நின்றிருக்கும், காயம் ஆறாமல் இருக்கும், அல்லது தெரிவானால் இராணுவ அணியில் வேலை கிடைக்கும் என்று வீடே அவனை நம்பியிருக்கும். ஊக்கமருந்தின் ஆசைக்கு முன்னால் இப்படி ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. அதை எடுப்பதுதான் உங்கள் வேலை.

நேரம் நின்றுவிட்டதா? முதலில் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். 15 வயதுக்கு மேற்பட்ட பையனுக்கு டெசிலீற்றருக்கு 13, பெண் பிள்ளைக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. நுவரெலியா போன்ற உயரத்தில் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்க வேண்டும். இரத்தம் குறைந்த பிள்ளை கடைசிச் சுற்றில் மூச்சு வாங்கும். அதை "ஸ்டெமினா இல்ல" என்று நாமே சொல்லி, மாத்திரை தேட வைக்கிறோம். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கட்டும். சோற்றோடு தேசிக்காயோ கொய்யாவோ சேரட்டும். இரும்பு மாத்திரையும் பூச்சி மருந்தும் வைத்தியர் சொன்னால் மட்டும்.

அடுத்தது சாப்பாடு. 55 கிலோ ஓட்டவீரருக்கு நாளுக்கு ஏறக்குறைய 80 கிராம் புரதம் தேவை. காலையில் வெறும் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டால் எட்டாது. இரண்டு முட்டை 12, ஐம்பது கிராம் பருப்பு 12, அதே அளவு கடலை 10, இருபத்தைந்து கிராம் நெத்தலிக் கருவாடு 15 கிராம் தரும். மிச்சம் சோற்றிலும் ரொட்டியிலும் வரும். டப்பா பவுடருக்குக் கொடுக்கும் காசில் இதையெல்லாம் வாங்கலாம். சில பவுடர்களில் லேபிளில் எழுதாத தடைமருந்தும் கலந்திருக்கும்.

காயம் என்றால் நாட்டு மருந்திலும் கவனம் வேண்டும். 2011 உலகக் கிண்ணத்தின்போது இலங்கைக் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவின் சிறுநீர் மாதிரியில் பிரெட்னிசொலோன் என்ற தடைமருந்து இருந்தது; தோள்பட்டைக்கு எடுத்த மூலிகை மருந்தால் வந்தது, மூன்று மாதத் தடை. தெரியாமல் எடுத்தேன் என்றாலும் பொறுப்பு வீரருடையதுதான். பாமசியில் தடுமல் மாத்திரை வாங்கினாலும் உறையை வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆஸ்துமா பம்ப் போன்றவற்றுக்கு அளவு வரம்பு உண்டு. முன்கூட்டியே வைத்தியரிடமும் இலங்கை ஊக்கமருந்து தடுப்பு முகவர் நிலையத்திடமும் கேளுங்கள்.

சில வாரங்களில் உடம்பு திடீரென ஏறி, முதுகெல்லாம் பரு வந்து, சின்ன விசயத்துக்கும் கோபம் வந்தால் ஸ்டெரொயிட் எடுக்கிறானோ என்று யோசியுங்கள். வளரும் வயதில் அது எலும்பின் வளர்ச்சியை மூடிவிடும். உயரம் அங்கேயே நிற்கும். பெண் பிள்ளைகளுக்குக் கட்டையாகும் குரல் திரும்பாது.

ஏற்கெனவே தொடங்கியிருந்தால் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். ஊசிப் போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். ஊசியைப் பிறரோடு பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பரிசோதனையும் கேளுங்கள். நிறுத்திய பிறகு சில வாரங்களுக்கு மனம் மிகவும் சோர்ந்து போகும். அந்த நாட்களில் அவனை அணியிலிருந்து விலக்காமல் மைதானத்துக்கு வரச் சொல்லுங்கள். தனியே இருக்க விடாதீர்கள் என்று வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.