கொச்சிக்காய்ச் செடியில் எறும்பு ஏறினால்

ஹட்டனில் எங்கள் வீட்டு இஸ்தோப்பில், பழைய பெயின்ட் வாளியில் ஒரு கொச்சிக்காய்ச் செடி. பூ விடும் நேரத்தில் குருத்து இலைகள் சுருண்டு, பிசுபிசுவென்று ஒட்டின. எறும்பு வரிசையாக ஏறியது. எறும்புதான் தின்கிறது என்று நினைத்து அடுப்புச் சாம்பலைத் தூவினேன். மறுநாள் சாரலில் அதுவும் போயிற்று.

அம்மாயிதான் இலையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். அடியில் பச்சைப் பச்சையாக அசுவினி என்ற சிறு பூச்சி! அது சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை விடும். எறும்பு வருவது அதற்குத்தான். வந்த எறும்பு அசுவினியைத் தின்னும் பூச்சிகளையும் விரட்டிவிடும். நான் திட்டவேண்டிய ஆள் வேறு.

ரொம்பச் சுருண்ட நுனிகளைக் கிள்ளி எறிந்தேன். செடியைச் சாய்த்துப் பிடித்து, இலையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சினேன். பாதிக்கு மேல் அதிலேயே உதிர்ந்தது. அப்புறம் ஒரு லீட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 5 மில்லிலீட்டர் வேப்பெண்ணெய், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. குளிரில் எண்ணெய் உறைந்திருந்ததால் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்க வேண்டியிருந்தது. முதலில் ஓர் இலையில் அடித்துப் பார்த்து, கருகவில்லை என்றதும் முழுச்செடிக்கும் அடித்தேன். மழையில்லாத மாலையாகப் பார்த்து, ஐந்து நாளுக்கொரு தடவை, மூன்று தடவை.

எறும்பு ஏறாமலிருக்க, தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கல் வைத்து வாளியை நிறுத்தினேன். டெங்கு பயத்தில் தண்ணீரைத் தினமும் மாற்றினேன். பழைய இலைகள் நிமிரவில்லை, புதுக்குருத்து நேராக வந்தது. போன கிழமை சம்பலுக்கு ஏழு காய் பறித்தோம்.