நின்றுபோன வாசிப்பு மறுபடி ஓடியது இப்படித்தான்

வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு எந்த நாவலை எடுத்தாலும் முப்பதாம் பக்கம் தாண்டாது. தக்கலையிலிருந்து நாகர்கோவில் வரை பஸ்ஸில் கையில் செல்போன்தான். தடிப் புத்தகங்களை வீட்டில் வைத்துவிட்டு, பைக்குள் சிறுகதைத் தொகுப்பு மட்டும் போட்டுக்கொண்டேன். அதுதான் வேலை செய்தது. நாஞ்சில் நாடனின் ‘சூடிய பூ சூடற்க’வில் தொடங்கினேன், 2010-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற தொகுப்பு. பார்வதிபுரம் நெரிசலில் பஸ் நின்றால் இப்போது எரிச்சலே இல்லை, கதை முடிய ரெண்டு பக்கம் பாக்கி இருந்தால் சந்தோஷம்தான். (மழைக்காலத்தில் பாலிதீன் கவர் அவசியம். ஜன்னல் ஷட்டரை நம்பக்கூடாது.)

கை பழகியதும் நாவலுக்கு வந்தேன். தேங்காய்ப்பட்டணத்துக்காரரான தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ வேகமாக ஓடியது. மல்லுக்கட்டியது நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ (1968). இரணியல் பேச்சு அப்படியே அச்சில் இருக்கும். கண்ணால் மட்டும் வாசித்தால் தட்டும். அம்மா பிறந்தது இரணியல் பக்கம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அம்மாவுக்கு வாய்விட்டு வாசிக்க ஆரம்பித்தேன். “அப்பிடி இல்ல மக்களே, கொஞ்சம் இழுத்துச் சொல்லு” என்று திருத்துவாள். அதன் பிறகு வாசிப்பு நிற்கவே இல்லை, சில நாள் நான் தூங்கப் பார்த்தாலும் அம்மா விடுவதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை முதலில் எடுக்கலாம். ‘தலைமுறைகள்’ அப்புறம் போதும்.