வாய்வழி கெட்டிக்கும் ரைஃபிளுக்குக் குண்டும் மருந்தும் பொருத்துவது

எத்தனை கிரெயின் (துப்பாக்கி மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சிறு எடை அலகு) மருந்து என்ற கேள்வி கடைசியில்தான் வர வேண்டும். குழலின் உட்சுவரில் வெட்டிய திருகுப் பள்ளமான வரிப்பள்ளம் சுழலும் வேகம் குண்டைத் தீர்மானிக்கிறது, குண்டு மருந்தைத் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் பரவலாகப் பயன்படும் .50 காலிபரையே (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) இங்கே எடுத்துக்கொள்வோம்.

பழைய துப்பாக்கி என்றால் முதலில் அது காலியா என்று பாருங்கள். கெட்டிக்கும் கோலைக் குழலின் அடிவரை விட்டு, குழல்வாய் மட்டத்தில் விரலால் பிடித்து வெளியே எடுத்து, குழலின் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். நெருப்புத் துளை (மருந்துக்குத் தீ நுழையும் அடித்துளை) வரை கோல் எட்டவில்லை என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. காலிதான் என்று உறுதியானபின், தானாகச் சுழலும் கைப்பிடியுள்ள கோலில் இறுக்கமான துணி மாட்டி உள்ளே தள்ளுங்கள். கோல் கால் சுற்றுச் சுற்ற 12 அங்குலம் உள்ளே போனால், 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று.

60 முதல் 70 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அது துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கான குழல். 28 அங்குலத்துக்கு ஒன்று என்றால் நீள்குண்டு, அல்லது பிளாஸ்டிக் உறையில் வரும் சேபட். 48 என்பது இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். இரண்டையும் சுடும், ஆனால் 28 போன்ற வேகச் சுழல் குழலில் உருண்டைக் குண்டுக்கு மருந்தைக் கூட்டினால் குண்டு வரியைப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வெளியேறும்.

.50 குழலுக்கு .490 அங்குல உருண்டை, எடை சுமார் 177 கிரெயின். அதற்கு .010 முதல் .015 அங்குலத் தடிப்பில் பருத்தித் துணி. தலையணை உறைக்கான அடர்நெசவுத் துணி உத்தமம். செயற்கை இழை கலந்தது உருகிக் குழலில் ஒட்டும், வேண்டாம். ஈயம் சுத்தமாக, நகத்தால் கீறினால் தடம் விழும் அளவுக்கு மென்மையாக இருக்க வேண்டும். சக்கர எடைக்கட்டிகளை உருக்கி வார்த்த ஈயம் கடினம். அச்சிலிருந்து சற்றுப் பெரிதாகவே வெளிவரும், கெட்டிக்கும்போது கை வலிக்கும்.

மருந்து என்றால் கருமருந்து, அல்லது அதற்கு மாற்றாகவே விற்கப்படும் பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்றவை மட்டும். புகையில்லா மருந்தை, அதற்கென்றே செய்யப்படாத குழலில், ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது, குழல் வெடித்துவிடும். மருந்துத் துகளின் பருமனை எஃப் எண்ணால் குறிப்பார்கள்: .50க்கும் அதற்கு மேலும் 2எஃப், .45க்கும் அதற்குக் கீழும் 3எஃப். 3எஃப் நுண்மையாக இருப்பதால் அழுத்தம் கூடும். .50இல் அதைப் போட்டால் 10 முதல் 15 சதவீதம் குறையுங்கள்.

மாற்று மருந்துகளில் பலர் தடுமாறுவது தராசில்தான். அவற்றை அளவைக் குழாயில் கொள்ளளவாக அளக்க வேண்டும். கருமருந்தைவிட இலேசானவை என்பதால், தராசில் 80 கிரெயின் நிறுத்துப் போட்டால் உண்மையில் அளவுமீறிய மருந்து உள்ளே போகும். டிரிபிள் செவன் வீரியம் கூடியது; கருமருந்தின் வேகமே போதுமென்றால் கொள்ளளவில் 15 சதவீதம் குறைக்க வேண்டும்.

தொடக்கம் 50 கிரெயின் 2எஃப். குடுவையிலிருந்து நேராகக் குழலில் கொட்டாதீர்கள். உள்ளே கனல் மிச்சமிருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். அளவைக் குழாயில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். பிறகு குண்டை மருந்தின் மேல் அமரும்வரை தள்ளுங்கள். நடுவே இடைவெளி நின்றால் அந்த இடத்தில் குழல் வளையமாகப் புடைக்கும். கோலில் வாய் மட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால், அரைகுறையாக இறங்கியதும் இரட்டைக் கெட்டிப்பும் உடனே தெரியும்.

50 கஜத்தில் ஐந்து குண்டு சுடுங்கள். ஒவ்வொரு வெடிக்குப் பின்னும் ஈரத்துணி, அடுத்து உலர்துணி. கருமருந்து எரிந்ததில் பாதிக்கு மேல் திடக்கசடாகவே மிஞ்சுவதால், துடைக்காமல் சுட்டால் ஐந்தும் ஐந்து வெவ்வேறு குழலில் சுட்டதுபோல் சிதறும். பிறகு ஐந்தைந்து கிரெயினாக ஏற்றுங்கள். இலக்கில் ஐந்து துளைகளும் விழுந்த கூட்டம் சுருங்கிவந்து, ஓரிடத்தில் மறுபடி விரியத் தொடங்கும். விரிவதற்கு முந்தைய அளவுதான் உங்கள் துப்பாக்கிக்கு. பெரும்பாலும் 70க்கும் 90க்கும் இடையில் நிற்கும். தயாரிப்பாளர் சொன்ன உச்ச அளவை எந்நிலையிலும் தாண்டாதீர்கள். உருண்டைக் குண்டு காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழப்பது. வாயில் கூட்டித் தந்த வேகத்தில் பெரும்பகுதி 100 கஜத்துக்குள் கரைந்துவிடும். மிஞ்சுவது தோள்வலி.

இலக்கைப் பார்ப்பதற்கு முன் தரையில் விழுந்த துணியைப் பொறுக்கிப் பாருங்கள். நடுவில் கரிய வட்டம், ஓரம் சற்றே பிரிந்த இழை என்றால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து ஓட்டை என்றால் துணி மெலிது, அல்லது எண்ணெய்ப் பசை போதவில்லை, அல்லது மருந்து அதிகம். இந்த வரிசையிலேயே சரிசெய்யுங்கள். வட்டத்தைச் சுற்றி ஒழுங்கான இடைவெளியில் கத்தி வெட்டுப்போல் கிழிந்திருந்தால் குழல்வாய் விளிம்போ வரிமேடோ (வரிப்பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடு) கூராக இருக்கிறது. புதுக் குழல்களில் இது சகஜம், சுடச்சுட மழுங்கும்.

நீள்குண்டின் கதை வேறு. அடியில் குழிவுள்ள மினியே வகைக் குண்டு, குழிவைச் சுற்றிய மெல்லிய விளிம்பான பாவாடை விரிந்துதான் வரியைப் பிடிக்கிறது. மருந்து மிகுந்தால் பாவாடை கிழிந்து குண்டு தாறுமாறாகப் போகும். 1861 ஸ்பிரிங்ஃபீல்டு .58 ரைஃபிளில் ஏறக்குறைய 500 கிரெயின் குண்டுக்கு வெறும் 60 கிரெயின் மருந்துதான். இன்னொன்று, துணி இல்லாத நீள்குண்டு துப்பாக்கியை வாய் கீழாகச் சுமந்தால் மெல்ல நழுவி முன்னேறும். நடந்துபோய்ச் சுடுவதற்கு முன் கோலை விட்டு அந்தக் கோட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சேபட் வாங்குவதற்கு முன் உங்கள் அமெரிக்க மாநிலத்தின் வேட்டை விதியைப் படியுங்கள். கொலராடோவின் மஸில்லோடர் (வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி) வேட்டைப் பருவத்தில் சேபட்டும் வில்லையாக அழுத்திய மருந்தும் அனுமதியில்லை.